விஷத்துக்கென்று ஒரு டொக்டர்: யாரைச் சனல் பண்ணுவது?

போன வைகாசியில் ஒரு இரவு, சம்பூரில் இருக்கும் என் சின்னம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. மாட்டுக் கொட்டில் பக்கம் விளக்கில்லாமல் போயிருக்கிறார். குதிக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. "கறுப்பா, நீளமா" என்று பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்னான். இருட்டில் எல்லாப் பாம்பும் கறுப்பும் நீளமும்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், டொரொண்டோவில் இருக்கும் அவருடைய மகன் எனக்கு அழைத்தான். அங்கே மத்தியானம்.

"அண்ணா, அம்மாக்கு இன்னும் ஊசி போடேல்லையாம். ரத்தத்தை எடுத்துப் போத்தல்ல வெச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கினமாம். நான் நெட்டில தேடினன். விஷத்துக்கெண்டே படிச்ச எமர்ஜென்சி டொக்டர்மார் இருக்கினம், டொக்ஸிகொலஜிஸ்ட் எண்டு. ட்ரிங்கோவில அப்படி ஆரும் இருந்தா சொல்லுங்க, எவ்வளவு காசெண்டாலும் சனல் பண்ணுவம்."

சனல் பண்ணுவது என்றால் காசு கட்டி டொக்டரைத் தனியாகப் பார்க்க நேரம் எடுப்பது. நான் திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். "நஞ்சு எடுக்கிற டொக்டர் எங்க இருக்கிறார் தம்பி?" "வயிறு கழுவுற இடம் எது?" கேட்பவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், அவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

## ஒரே பெயரில் மூன்று பேர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் "விஷ வைத்தியர்" என்றால் மூன்று வேறு ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

பத்திரிகையில் வருகிறவர் முதலாமவர். "உடற்பாகங்கள் அரச இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன" என்று வாசித்திருப்பீர்கள். சட்ட வைத்திய அதிகாரியும் பகுப்பாய்வாளரும் செய்யும் வேலை அது. பெரும்பாலும் ஆள் இறந்த பிறகு, எதனால் இறந்தார் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் வேலை. உயிரோடு கட்டிலில் கிடப்பவருக்கு அவர்களால் ஆவது குறைவு.

இரண்டாமவர் ஊர் விசகடி வைத்தியர். பச்சிலையும் பார்வையும் தலைமுறையாகக் கையில் வைத்திருப்பவர். அவர்களில் பலர் இப்போது ஆளைப் பார்த்ததுமே "நேர ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்புகிறவரைக் கும்பிடலாம். அனுப்பாமல் இரண்டு மணித்தியாலம் வைத்திருப்பவரிடம்தான் ஆபத்து.

என் தம்பி தேடியது மூன்றாமவரை. நச்சியல் என்பது நஞ்சு உடலுக்குள் போய் என்ன செய்கிறது, எப்படி வெளியேறுகிறது என்பதைப் படிக்கும் துறை. அதை நோயாளியின் கட்டிலருகே பயன்படுத்துகிற டொக்டர்தான் மருத்துவ நச்சியல் நிபுணர். பூச்சிமருந்து, பாம்புக்கடி, அளவு மிஞ்சிய மாத்திரை, புகை, காளான், கடல் மீன் எல்லாமே அவர் எல்லைக்குள் வரும்.

அமெரிக்காவில் இது 1992 முதல் முறையாக அங்கீகரிக்கப்பட்ட துணைத்துறை. அவசர சிகிச்சை, குழந்தை மருத்துவம், தடுப்பு மருத்துவம் என்ற மூன்று துறைகளின் சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. ஒருவர் டொக்டராகி, அவசர சிகிச்சையில் மூன்று நான்கு வருடம் பயின்று, அதற்குமேல் நச்சியலில் இரண்டு வருடம் இருந்து, பரீட்சை எழுதி இந்தப் பெயரைப் பெறுகிறார். அங்கே இவர்களில் பெரும்பாலானோர் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவர்கள்தான். நடு இரவில் நஞ்சு வந்து இறங்குவது அந்த வாசலில்தானே. தம்பி இணையத்தில் கண்ட பட்டியல் இவர்களுடையது.

இலங்கையில் ஒழுங்கு வேறு. இங்கே நஞ்சுண்டவரை முதலில் தொடுவது அவசர சிகிச்சைப் பிரிவு. நம் ஆட்கள் ஈடியு என்பார்கள். பிறகு வார்ட்டில் பொறுப்பெடுப்பது பெரும்பாலும் பொது வைத்திய நிபுணர். அவருடைய பெயர்ப்பலகையில் நச்சியல் என்ற சொல் இருக்காது. ஆனால் அமெரிக்காவில் ஒரு டொக்டர் வருடம் முழுவதும் காணாத பூச்சிமருந்து நோயாளிகளை, நெல் விளையும் ஒரு மாவட்டத்தில் வேலை செய்யும் நம் டொக்டர் சில மாதங்களில் பார்த்துவிடுவார்.

## கப்பலும் பைலட்டும்

உட்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வரும்போது பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்கும் கப்பலுக்கு ஒரு சின்ன போட் போகும். அதிலிருந்து ஒருவர் கயிற்றேணியில் ஏறுவார். அவர்தான் துறைமுக பைலட். கப்பலின் கப்டன் உலகமெல்லாம் சுற்றியவராக இருக்கலாம், ஆனாலும் இந்த வாய்க்காலில் எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் ஆழம் என்பது பைலட்டுக்குத்தான் மனப்பாடம். பைலட் ஏறியதால் கப்டனின் பொறுப்பு போய்விடுவதில்லை. வழி சொல்வது ஒருவர், கப்பலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மற்றவர்.

அவசர சிகிச்சை டொக்டர் கப்டன். மூச்சு நின்றால் குழாய் போடுவார், வலிப்பு வந்தால் நிறுத்துவார், இரத்த அழுத்தம் விழுந்தால் தூக்குவார். எந்த நஞ்சாக இருந்தாலும் முதல் அரை மணித்தியால வேலை ஏறக்குறைய இதுதான். நச்சியல் நிபுணர் பைலட். "இந்த மாத்திரை என்றால் இப்போது நன்றாக இருப்பவர் நாளை விழுவார்", "இந்தக் கடிக்கு இந்த ஊசி வேலை செய்யாது", "இன்னும் பொறுங்கள்" என்று வாய்க்காலைச் சொல்பவர்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இந்த பைலட் ஏணி ஏறி வரவேண்டியதில்லை. அவரிடம் வாங்க வேண்டியது அறிவு, அது தொலைபேசியில் வந்துவிடும். தம்பியின் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலும் இதுதான். நச்சியல் நிபுணரை யாரும் சனல் பண்ணுவதில்லை. நோயாளி கப்டனிடம் போகிறார், கப்டன் பைலட்டைக் கூப்பிடுகிறார்.

## தண்ணீர்த் தாங்கியில் மண்ணெண்ணெய்

நஞ்சு எப்படி வேலை செய்கிறது? வீட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏதோ அழுக்கு விழுந்துவிட்டது. நீங்கள் செய்யக்கூடியவை சிலவே: மேலும் விழாமல் மூடியை அடைக்கலாம், அழுக்கின் வேலையை முறிக்கும் ஏதாவது கலக்கலாம், அடிக்குழாயைத் திறந்து வெளியே விடலாம். இது எல்லாம் நடக்கும்வரை வீட்டாருக்கு வேறு தண்ணீர் கொடுத்துச் சமாளிக்க வேண்டும்.

நஞ்சு குடலிலிருந்து இரத்தத்துக்குள் சேர்வது உறிஞ்சல். அதன் வேலையைத் தடுக்கும் மருந்து முறிமருந்து. முறிமருந்து இருக்கிறதோ இல்லையோ, மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடித்து உடலுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது ஆதரவுச் சிகிச்சை. இந்த மூன்று சொல்லும் போதும்.

சனங்கள் நினைப்பது ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒரு முறிமருந்து அலுமாரியில் இருக்கும், நிபுணருக்குத்தான் அது எது என்று தெரியும் என்று. உண்மையில் பெரும்பாலான நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. ஆளைக் காப்பாற்றுவது ஆதரவுச் சிகிச்சை. நம் கரையில் வலையில் சிக்கும் பேத்தை மீன் இதற்கு நல்ல உதாரணம். அதன் நஞ்சு நரம்பின் வாசலை அடைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால், கடைசியில் மூச்சுத் தசை. சமைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. முறிமருந்து இல்லை. ஆனால் மூச்சு இயந்திரத்தில் வைத்துத் தாங்கினால் உடல் தானே அதை வெளியேற்றிவிடும், ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம்.

முறிமருந்து இருக்கும் நஞ்சிலும் விஷயம் "ஊசி போட்டாயிற்று" என்று முடிவதில்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் ஓகனோபொஸ்பேட் என்று ஒரு குடும்பம் உண்டு. நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை அனுப்புவதை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துப்போட உடலில் ஒரு நொதி இருக்கிறது. இந்தப் பூச்சிமருந்து அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. பழைய கடிதங்கள் கிழிபடாமல் குவிகின்றன. எச்சில் ஊறு, வியர், சளி சுர என்று ஒரே கட்டளையை உடல் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. நெஞ்சு சளியால் நிரம்பி, ஆள் தன் தண்ணீரிலேயே மூழ்குகிறார்.

இதற்குக் கொடுக்கும் அட்ரோபின் கடிதத்தைக் கிழிப்பதில்லை, கடிதம் விழும் பெட்டியின் வாயை அடைக்கிறது. எவ்வளவு அடைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் டொக்டர் கட்டிலை விட்டு நகரமாட்டார். ஒரு அளவு போடுவார், ஐந்து நிமிடம் பொறுப்பார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். கையை நோயாளியின் கக்கத்துக்குள் விட்டுப் பார்ப்பார், வியர்வை காய்ந்திருக்கிறதா என்று. காயவில்லையென்றால் அளவை இரட்டிப்பார். பிறகு மறுபடி ஐந்து நிமிடம். நெஞ்சு தெளியும்வரை இதுவே வேலை. கூடிப்போனாலும் ஆபத்து: நோயாளி உடல் கொதித்துப் பிதற்ற ஆரம்பிப்பார். வெளியே வாங்கில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தெரிவதெல்லாம் "டொக்டர் சும்மா கக்கத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார்" என்பதுதான்.

எல்லாப் போத்தலும் இப்படியல்ல. முன்பு வயலுக்கு அடித்த ஒரு களைநாசினியான புரொபனில் இரத்தத்தையே மாற்றிவிடும். இரத்தம் சொக்லேட் நிறமாகி ஒட்சிசனைச் சுமக்க மாட்டாமல் போகும், அதற்கு மெதிலீன் புளூ என்ற நீல மருந்து. "வயலுக்கு அடிக்கிற மருந்து குடிச்சிட்டார்" என்று மட்டும் சொன்னால் எந்த வாய்க்கால் என்று எந்த பைலட்டாலும் சொல்ல முடியாது. வெறும் போத்தலையாவது ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோங்கள் என்று நான் தொண்டை வரளச் சொல்வது இதற்காகத்தான்.

பனடோலைப் பற்றியும் ஒரு சொல். நான் விற்கும் பொருள்களில் ஆட்கள் மிகக் குறைவாகப் பயப்படுவது அதற்குத்தான். அளவு மிஞ்சினால் முதல் நாள் வெறும் குமட்டல், அதுவும் சிலருக்கு இல்லை. ஈரல் கெடுவது பிறகுதான் வெளியே தெரியும். அதற்கு நல்ல முறிமருந்து இருக்கிறது, ஆனால் எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார், விடியப் பார்ப்பம்" என்ற சொல்லில்தான் அந்த எட்டு மணித்தியாலமும் போய்விடுகிறது. நன்றாக இருந்தாலும் போகவேண்டும், எட்டு மணித்தியாலம் கடந்துவிட்டாலும் போகவேண்டும்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால்: முதல் வேலை மூச்சைக் காப்பது, அதை எந்த அவசர சிகிச்சைப் பிரிவும் செய்யும். நிபுணரின் அறிவு தேவைப்படுவது எது, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கு.

## வயிறு கழுவுவது

"வயிறு கழுவிட்டாங்களா?" நஞ்சு என்றதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி இது. கழுவாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று சண்டைக்குப் போனவர்களையும் கண்டிருக்கிறேன்.

தாங்கிக் கதைக்கே வருவோம். அழுக்கு ஏற்கெனவே குழாய் வழியே வீட்டுக்குள் போய்விட்டதென்றால் தாங்கியைக் கழுவி என்ன பயன்? வயிற்றில் நஞ்சு தங்கும் நேரம் குறைவு. ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வதற்குள் பெரும்பகுதி உறிஞ்சலுக்குப் போயிருக்கும். மயக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் விட்டால் வயிற்றில் உள்ளது நெஞ்சுக்குள் ஏறும் அபாயமும் உண்டு. அதனால் இப்போது மிகச் சில பேருக்குத்தான், அதுவும் மூச்சுக்குழாயைப் பாதுகாத்த பிறகுதான், கழுவுகிறார்கள்.

மருந்துக் கரியும் அப்படித்தான். நஞ்சை ஒட்டிக்கொள்ளும்படி தயாரித்த கரித்தூள் அது, அடுப்புக்கரி அல்ல. அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று பெரிய அளவில் பரிசோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் ஆஸ்பத்திரிகளில். 4,632 நோயாளிகள். 2008இல் முடிவு வெளிவந்தது: எல்லோருக்கும் வழமையாகக் கொடுப்பதால் இறப்பு குறையவில்லை. உலகம் முழுவதும் டொக்டர்மார் எடுத்துக்காட்டும் அந்த ஆய்வு, நம் தீவிலேயே நடந்தது. "நமக்கு ஒன்றும் தெரியாது, வெளிநாட்டுக்காரருக்குத்தான் தெரியும்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய், மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாமசிக்குள் ஓடிவந்தார். சோடாப் போத்தலில் வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்திருந்தது. பிள்ளையின் சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் மணம். "உப்புத் தண்ணி பருக்கினேன் தம்பி, சத்தி வரேல்ல, வேற ஏதும் குடுங்க" என்றார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஓட்டோ பிடித்து ஏற்றினேன். வழியெல்லாம் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெய் வயிற்றில் இருக்கும்போது செய்யும் கேட்டைவிட, வாந்தியோடு மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கும்போது செய்யும் கேடு பெரிது. உப்புத் தண்ணீர் தனியாக இன்னொரு ஆபத்து. அந்தத் தாய்க்கு என்மேல் அன்று கோபம். மருந்துக்கடைக்காரன் மருந்து தரவில்லையே.

## போத்தலில் இருந்த சின்னம்மாவின் இரத்தம்

இனி அந்த இரவுக்கு வருவோம். ஊசி போடாமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

கண்ணாடி விரியன் கடித்தால், எங்கள் பக்கம் புடையன் என்பார்கள், அதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். செய்யும் விதம் விசித்திரமானது. இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை உடலுக்குள் தேவையில்லாமல் தூண்டித் தூண்டிச் செலவழித்துவிடும். வீடு கட்ட வைத்திருந்த சீமெந்தையெல்லாம் முற்றத்தில் கொட்டி வீணாக்கியது போல. பிறகு சுவரில் உண்மையான வெடிப்பு வந்தால் பூச ஒரு கைப்பிடி இருக்காது. ஆளுக்கு எங்கிருந்தும் இரத்தம் கசியலாம்.

இதைக் கண்டுபிடிக்க விலைகூடிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒருமுறை சரிப்பார்கள். கட்டியாகி நின்றால் உறைகிறது. தண்ணீராய் ஓடினால் ஊசி போடவேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டும், ஏனெனில் கண்ணாடிச் சுவர்தான் உறைதலைத் தொடக்கிவைக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயானால் நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். தம்பி "போத்தல்" என்றது இதைத்தான்.

முதல் குழாய் உறைந்தது. சில மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தார்கள், அதுவும் உறைந்தது. கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று இடையிடையே வந்து கேட்டார்கள். அது நாகத்துக்கும் கட்டுவிரியனுக்குமான சோதனை, அவை நரம்பைத் தாக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே இருக்காது, விடியும்போது வயிற்றுவலி என்று எழும்புவார்கள். ஆகையால் ஒரு முழு நாள் வைத்துப் பார்க்காமல் யாரையும் விடமாட்டார்கள்.

"சும்மா ஒரு ஊசியைப் போட்டுவிட்டால் என்ன?" இது தம்பியின் கேள்வி. என்னுடையதும் ஒரு காலத்தில் இதுதான். பாம்புக்கடி முறிமருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. இங்கே நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இந்தியாவில் செய்தது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்து. நம் தீவில் நிறையப் பேரைக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியனுக்கு, சிங்களவர் குணகட்டுவா என்பது, அது உதவாது. அந்நியப் புரதம் என்பதால் பலருக்கு ஊசியே எதிர்வினையைக் கிளப்பும்: நடுக்கம், தடிப்பு, சிலருக்கு மூச்சடைப்பு, இரத்த அழுத்தச் சரிவு. அதைக் குறைக்க முன்கூட்டியே சிறிய அளவு அட்ரினலின் கொடுப்பது உதவும் என்று காட்டியதும் இலங்கையில் நடந்த பரிசோதனைதான். நஞ்சு ஏறாதவருக்கு ஊசி போடுவது, இல்லாத நோய்க்கு ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது.

நஞ்சு ஏறாத கடி அபூர்வமும் அல்ல. 2012–13இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் செய்த கணக்கெடுப்பு, வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் என்று மதிப்பிட்டது. அவற்றில் நஞ்சு ஏறியவை சுமார் 30,000. மீதிப் பேருக்குத் தேவைப்பட்டது, அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கத் தெரிந்த ஒரு டொக்டர்.

## அப்படியானால் எப்படித் தேடுவது

தேடவேண்டாம், போங்கள். அருகிலிருக்கும் அரச ஆஸ்பத்திரிக்கு. மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் டவுனுக்குத்தான் வரவேண்டும் என்று கிட்ட இருப்பதைத் தாண்டி ஓடாதீர்கள். முதலில் மூச்சைக் காப்பவரிடம் ஒப்படையுங்கள், மேலே அனுப்பவேண்டுமென்றால் அவர்களே தங்கள் அம்புலன்ஸில் அனுப்புவார்கள். வாகனம் இல்லையென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை.

தொலைபேசியில் இருக்கும் பைலட்டுக்கு ஒரு விலாசம் உண்டு: கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம். இருபத்துநான்கு மணித்தியாலமும் 011 2686143. டொக்டர்மாரும் அழைக்கிறார்கள், வீட்டிலிருந்து நாமும் அழைக்கலாம். இலக்கங்கள் மாறக்கூடியவை, அவசரம் இல்லாத ஒரு நாளில் சரிபார்த்துப் போனில் போட்டுவையுங்கள். ஆள் மயங்கியிருந்தாலோ, வலிப்பிலோ, மூச்சு வாங்கினாலோ இதற்கு அழைத்துக்கொண்டு நிற்கவேண்டாம், நேரே 1990.

அழைத்தால் கேட்பார்கள்: ஆளின் வயது, ஏறத்தாழ எடை, என்ன பொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறார், வேறு என்ன மருந்து குடிக்கிறவர். கடைசிக் கேள்விக்காகக் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோவது நல்லது. பாம்பென்றால் அதைத் தேடி அடிக்கப் போகாதீர்கள், இரண்டாவது ஆள் கடிபடுவது அப்படித்தான். முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம். மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றுங்கள், கடிபட்ட காலை அசைக்காமல் வையுங்கள். கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம்.

நச்சியலுக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடம் வேண்டுமானால் பேராதனைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே நாமாக ஏற்றிக்கொண்டு போவது வழி அல்ல. இங்குள்ள டொக்டர் அங்குள்ளவரோடு பேசித் தீர்மானிப்பது வழி. ஒருவர் உண்மையில் பதிவு பெற்ற டொக்டரா என்று சந்தேகம் வந்தால் இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, அங்கே உங்கள் வீட்டில் ஒன்று நடந்தால்: அமெரிக்காவில் 1-800-222-1222, கனடாவில் 1-844-764-7669, அவுஸ்திரேலியாவில் 13 11 26. பிரித்தானியாவில் பொதுமக்கள் 111க்கு அழைக்கவேண்டும், அங்குள்ள நஞ்சுத் தகவல் சேவை டொக்டர்மாருக்கு மட்டும்.

தானாக எடுத்துக்கொண்டவரை அழைத்து வருகிறவர்கள் வெட்கத்தில் உண்மையை மறைப்பதுண்டு, "தவறுதலாக" என்பார்கள். ஏன் என்பதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எதை, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச 1926 இருக்கிறது, இலவசம். இந்த நாட்டில் 1995இல் இலட்சத்துக்கு 57 என்று இருந்த தற்கொலை விகிதம் 2015இல் 17க்கு இறங்கியது. ஆபத்து மிகுந்த பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததற்கு அதில் பெரும் பங்குண்டு. கட்டிலருகே நின்ற டொக்டர்மார் எந்தப் போத்தல் எத்தனை பேரைக் கொல்கிறது என்று எண்ணி எழுதிவைத்ததும் அந்தத் தடைகளுக்கு உதவியது. நச்சியல் நிபுணர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சின்னம்மாவை மறுநாள் இரவு விட்டார்கள். ஒரு ஊசியும் இல்லை, ஏற்புவலித் தடுப்பூசியைத் தவிர. தம்பி டொரொண்டோவிலிருந்து காசு அனுப்பினான், "நல்ல டோர்ச் ஒண்டு வாங்கிக் குடுங்க அண்ணா" என்று. வாங்கிக் கொடுத்தேன். போன கிழமை சம்பூருக்குப் போனபோது அது பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் இருந்தது. பற்றரி முடிஞ்சிடுமாம்.